சனிக்கிழமை கூலி, ஐந்தாம் தேதி தவணை

வேலையில் இருப்பவனுக்கு ஒரே ஒரு மேனேஜர். வேலை போனவனுக்குத் தெருவுக்கு நாலு மேனேஜர்! டீக்கடையில் ஒருத்தர், "துபாய்க்கு ட்ரை பண்ணலாம்ல?" என்பார். சலூன்காரர், "குரூப் ஃபோர் எழுதுங்க" என்று கன்னத்தில் கத்தியை வைத்துக்கொண்டு சொல்வார். மறுக்கவா முடியும்? கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், "பேசாம ஒரு பேக்கரி வச்சிரு மாப்ள" என்று சொல்லிவிட்டு ரசத்துக்குக் கை நீட்டுவார். பேக்கரி வைக்க எத்தனை லட்சம் ஆகும் என்று அவரும் சொல்ல மாட்டார், நாமும் கேட்க மாட்டோம். ஆனால் ஒரு ஆத்மாகூட, "வர்ற அஞ்சாம் தேதி தவணைக்கு என்ன பண்ணப்போறே?" என்று கேட்டதில்லை.

எனக்கு வேலை போனது 2020 ஜூனில். தேனிப் பக்கம் ஒரு நூல் மில்லில் அக்கவுன்ட்ஸ். பெயர் வேண்டாமே, இப்போதும் அந்த வழியாகத்தான் நம் பஸ் போகிறது. ஏப்ரலில் பாதிச் சம்பளம், மேயில் கால் சம்பளம், ஜூனில் "நிலைமை சரியானதும் நாங்களே கூப்பிடுறோம்." இந்த வாக்கியத்துக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும். பதினாலு மாதம் நிலைமை சரியாகவில்லை. கம்பத்தில் வாடகை வீடு. நான், மனைவி, யு.கே.ஜி. முடித்த மகள், கண் ஆபரேஷன் செய்துகொண்ட அம்மா. மாதம் பதினெட்டாயிரம் வந்துகொண்டிருந்த இடத்தில், இனி பூஜ்யம்.

ஆபீஸ்காரர்களுக்கு வேலை போனதும் முதலில் வருகிற வியாதி, மறைப்பது. எனக்குத் தெரிந்த ஒருவர் (இது கொரோனாவுக்கு முந்தைய கதை) மூன்று வாரம் தினமும் டிபன் பாக்ஸோடு கிளம்பி, தேனி புது பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, எல்லாப் பேப்பரையும் வரிவிளம்பரம் வரை படித்து, மத்தியானம் சாப்பிட்டு, ஆறரைக்கு வீடு திரும்பினார். அவர் சம்சாரத்துக்கு ரெண்டாம் நாளே தெரியும். எப்படி? "சட்டை காலர்ல அழுக்கே இல்லையே!" அந்தம்மா மூன்று வாரம் பொறுத்திருந்து பார்த்திருக்கிறார். கேட்டால் மனுஷன் உடைந்துபோவாரோ என்ற பயம். ரெண்டு பேருமாக மாறி மாறி நடித்த மூன்று வாரத்தில் தவணை ஒன்று தவறி, அதற்கு ஃபைனான்ஸ்காரர் ஒரு அபராதம், பணமில்லாத கணக்கில் கை வைத்ததற்கு பாங்க் ஒரு அபராதம். மானத்துக்கு வட்டி உண்டு, அதுவும் மீட்டர் வட்டி!

எங்கள் வீட்டில் நடிக்க வழியில்லை. ஊரடங்கில் எல்லாருமே வீட்டில்தான். முதல் ஞாயிற்றுக்கிழமை மகளின் ரூல்டு நோட்டில் பின்பக்கமிருந்து ஆரம்பித்து எழுதினோம். பைக் கடன், பாக்கி நாற்பதாயிரம் சொச்சம், மாதத் தவணை 3,100. தேசிய வங்கியில் மனைவியின் மூன்று பவுன் செயின் மேல் ஐம்பதாயிரம். அம்மாவின் கண்ணுக்காக வைத்தது. மச்சானிடம் கைமாத்து பதினைந்தாயிரம். அண்ணாச்சி மளிகைக்கடைப் பற்று 4,200. வீட்டு வாடகை ஒரு மாதம்.

நான் பி.காம். உத்தமபாளையத்தில் படித்தேன். எங்களுக்குச் சொல்லித் தந்தது, எந்தக் கடனுக்கு வட்டி அதிகமோ அதை முதலில் அடை. அதன்படி நான் எழுதிய வரிசை: பைக், செயின், மச்சான், வாடகை, அண்ணாச்சி. அண்ணாச்சிக்கு வட்டியே கிடையாது, அவர் கடைசியில்தானே வரணும்?

மனைவி பென்சிலை வாங்கி அப்படியே தலைகீழாக எழுதினாள். அண்ணாச்சி, வாடகை, செயின், பைக், மச்சான்.

"எதுக்கு?"

"பைக்குத் தவணை கட்டலைன்னா பைக்கு போகும். அண்ணாச்சிக்குக் கட்டலைன்னா சோறு போகும். வட்டியப் பாக்காதீங்க, எந்தக் கதவு சாத்தும்னு பாருங்க."

கல்லூரியில் இந்தப் பாடத்துக்குப் புத்தகம் போடவில்லை. ஆனாலும் என் கணக்கும் வீண் போகவில்லை. எந்தக் கடனை முதலில் கட்டுவது என்பதை அவள் வரிசை சொன்னது. எந்தக் கடனை ஒழித்துக்கட்டுவது என்பதை என் வரிசை சொன்னது. ரெண்டும் வேறு வேறு கேள்விகள்.

வரவுப் பக்கம் எழுத அதிகமில்லை. கொரோனாவுக்காக அந்த வருஷம் பி.எஃப்.பில் திருப்பிக் கட்ட வேண்டாத முன்பணம் தந்தார்கள், மூன்று மாத அடிப்படைச் சம்பளம் அல்லது கணக்கில் இருப்பதில் முக்கால் பங்கு, எது குறைவோ அது. வாங்கினேன். அரிசி கார்டுக்கு அரசாங்கம் 2020 ஏப்ரலில் ஆயிரம், 2021 பொங்கலுக்கு 2,500, அந்த மே, ஜூனில் ரெண்டு தவணையாக நாலாயிரம். ஆக 7,500. படித்துவிட்டு வேலையில்லாதவர்களுக்கென்று தமிழ்நாட்டில் தனி உதவித்தொகை இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பட்டதாரிக்கு மாதம் அறுநூறு ரூபாய். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருஷம் ஆகியிருக்கணும், பதிவை விடாமல் புதுப்பித்திருக்கணும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்கணும். அந்தத் தேர்வில் பாஸாக எனக்கு வழியில்லை. போன வருஷம்வரை வாங்கிய சம்பளமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

எதிர்வீட்டு அத்தையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பள்ளத்தாக்கில் விடிகாலை நாலு, ஐந்து மணிக்கு ஜீப் சத்தம் கேட்கும். கம்பம், கூடலூர், கோம்பை, தேவாரம், போடி என்று ஊர் ஊராக ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம் மெட்டு, குமுளி, போடி மெட்டு வழியாக இடுக்கி மலைக்குப் போகும். சாயங்காலம் இறக்கிவிடும். அத்தை முப்பது வருஷமாக அந்த ஜீப்பில் போகிறவர். மாதச் சம்பளம் என்ற ஒன்றை வாழ்க்கையில் பார்த்ததில்லை. மழை பிடித்தால் வேலை இல்லை, காய் ஓய்ந்தால் வேலை இல்லை, ரெண்டு மாநிலத்துக்கும் மனஸ்தாபம் என்றாலும் வேலை இல்லை!

விளையாட்டில்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்னை முற்றி, குமுளிப் பாதை அடைத்துக்கொண்டது ஞாபகமிருக்கும். பள்ளத்தாக்கே திரண்டு எல்லைக்கு நடந்தது. டெல்லி வரை பேச்சு. பேப்பரில் எல்லாம் அணையின் உயரம் 136 அடியா 142 அடியா என்று எழுதினார்கள். தோட்டத்துக்குப் போகிறவர்கள் வீட்டு அடுப்பைப் பற்றி அதிகம் பேர் எழுதவில்லை. எத்தனை நாள் ஆகும் என்று யாருக்கும் தெரியாது. பிறகு 2020 மார்ச்சில் மலைப்பாதை மறுபடி பூட்டியது. இந்த முறை மாதக்கணக்கில்.

ரெண்டு தடவையும் அத்தை செய்தது ஒரே காரியம். பாதை அடைத்த முதல் நாளே அண்ணாச்சி கடைக்குப் போனார். கடன் கேட்க அல்ல, தகவல் சொல்ல.

"மலை பூட்டிருச்சு அண்ணாச்சி. எப்பத் தெறக்கும்னு தெரியாது. இனிமே அரிசி, பருப்பு, எண்ணெ மட்டும்தேன் வாங்குவேன். சோப்பு, பிஸ்கோத்து எம் பேர்ல யாரு வந்து கேட்டாலும் குடுக்காதீக. என் பேரன் வந்தாலும்."

நீங்களே அண்ணாச்சியாக இருந்து யோசித்துப் பாருங்கள். கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்குப் பயம் பாக்கியைப் பார்த்து வருவதில்லை. நேற்றுவரை தினம் வந்தவன் திடீரென்று எதிர்ச்சாரியில் நடக்கிறானே, அதைப் பார்த்துத்தான் வரும். இங்கே ஒரு அம்மாள் தானாகவே வந்து தன் பற்றுக்கு ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகிறார். எந்தப் பாங்கில் இப்படி ஒரு கஸ்டமரைப் பார்ப்பார்கள்?

அத்தையிடம் இன்னொன்றும் உண்டு. காய் எடுப்பு மும்முரமாக நடக்கிற மாதங்களில் பழைய பாக்கியைத் தீர்த்து, அதற்கு மேலும் ஐநூறு, ஆயிரம் என்று கடையிலேயே போட்டு வைப்பார். வரப்போகிற பஞ்சத்துக்கு முன்பணம்! சீசன் கூலியைப் பார்த்து மயங்கிய ஆளில்லை. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் தொட்டது. ஊரே மிதந்தது. அந்த விலையை நம்பிக் காரும் தோட்டமும் கடனில் வாங்கியவர்கள் உண்டு. 2022ல் அதே காய் ஆயிரத்துக்கும் கீழே கிடந்தது. காருக்குத் தவணை மட்டும் கீழே வரவில்லை.

அத்தையைப் பார்த்து நானும் அண்ணாச்சியிடம் போய் நேராகச் சொன்னேன். வீட்டுக்காரரிடமும் சொன்னேன். மச்சானுக்குப் போன் போட்டு, "ஒரு வருஷத்துக்கு எதிர்பார்க்காதீங்க மச்சான்" என்றேன். "சரி மாப்ள" என்றார். கைமாத்துக்கு வட்டி இல்லை என்பது தப்பான அபிப்பிராயம். அந்த ஒரு வருஷத்தில் மச்சான் வீட்டு விசேஷம் எல்லாவற்றிலும் சாம்பார் வாளி என் கையில்தான்.

ஜூலையில் ஒருத்தர் தானாக வீடு தேடி வந்தார். டி.வி.எஸ். ஃபிப்டி, கக்கத்தில் ரெக்ஸின் பை, நெற்றி நிறைய திருநீறு. "பத்தாயிரம் வாங்கிக்கங்க தம்பி. தினம் நூறு ரூவா, நூறு நாள். நீங்க அலைய வேணாம், நானே வாசலுக்கு வருவேன்." தண்டல். கையில் தருவது 8,500. மீதி 1,500 முதலிலேயே பிடித்தம்.

கேட்டால் பெரிதாகத் தெரியாது. 8,500க்கு 1,500. ஏதோ பதினேழு, பதினெட்டு சதவீதம் என்று மனசு சமாதானம் சொல்லும். ஆனால் மறுநாளிலிருந்தே நூறு நூறாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கிறோமே! நூறு நாளில் சராசரியாக நம் கையில் நிற்பது 4,500 ரூபாய்தான். அதற்கு 1,500 வட்டி. மாதத்துக்குக் கிட்டத்தட்ட நூற்றுக்குப் பத்து, வருஷத்துக்கு நூற்றிருபது! தினவட்டி, மணிநேர வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லி அதீத வட்டியைத் தடுக்க 2003லேயே தமிழ்நாட்டில் சட்டம் போட்டார்கள். மூன்று வருஷம் வரை ஜெயில், முப்பதாயிரம் வரை அபராதம். சட்டத்தில் இத்தனை பெயர்களைப் பார்த்தபோது ஒன்று தோன்றியது. பனிப்பிரதேசத்துக்காரர்களிடம் பனிக்கு நிறைய சொற்கள் உண்டு என்பார்கள். நம்மிடம் வட்டிக்கு!

காய்கறி வண்டிக்காரர் தண்டல் வாங்குவதில் ஒரு நியாயம் இருக்கிறது. காலையில் முதல் போட்டால் சாயங்காலம் லாபம் கைக்கு வரும், அதில் நூறு போகும். சம்பளமே இல்லாதவன் தினம் நூறுக்கு எங்கே போவான்? இன்னொரு தண்டலுக்குத்தான். ரெக்ஸின் பைக்காரருக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

தண்டலாவது மூஞ்சியைக் காட்டுகிறது. அந்தச் சமயம் செல்போனில் உடனடிக் கடன் ஆப்கள் ஊரெல்லாம் புகுந்திருந்தன. எங்கள் தெருப் பையன் ஒருவன் ஐயாயிரம் வாங்கி, ஒரு வாரம் தாமதமானதும், அவன் போனில் இருந்த நம்பருக்கெல்லாம் "இவன் திருடன்" என்று படத்தோடு மெஸேஜ். எனக்கு வந்தது, அவன் வாத்தியாருக்கு வந்தது, தண்ணி கேன் போடுகிறவருக்கும் வந்தது. கடன் கொடுக்கும் ஆப் நம் போனில் உள்ள நம்பர்களைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி போட்டது. அதற்குள் பையன் ஊரைவிட்டுத் திருப்பூர் போய்விட்டான்.

இப்போது என் தலைவலிக்கு வருகிறேன், பைக்.

2019 மேயில் வாங்கியது. "நூத்துக்கு ஒரு ரூவா வட்டிதான் சார்" என்றார் ஷோரூமில் டை கட்டியவர். அறுபதாயிரம், ரெண்டு வருஷம். ஒரு ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு 14,400. கூட்டி, 24ஆல் வகுத்தால் 3,100. சுத்தமான கணக்கு, பள்ளிக்கூடப் பையன் போடலாம். ஆனால் மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும்போது, வட்டி மட்டும் கடைசிவரை முழு அறுபதாயிரத்துக்கே போடுகிறார்கள். குறைகிற அசலுக்குக் கணக்குப் போட்டால் மாதம் ஒரு ரூபாய் எண்பது பைசா, வருஷத்துக்கு 21.6 சதவீதம். பைக் வாங்கப் போகும் தம்பிகள் இந்த ஒரு பத்தியைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம்.

கொரோனாவுக்காக 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை தவணையை நிறுத்திவைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி அனுமதித்தது. தவணைதான் நின்றது, வட்டி நிற்கவில்லை. நாற்பதாயிரம், ஆறு மாதத்தில் 44,500. அந்த நவம்பரில் அரசாங்கம் வட்டிக்கு வட்டியைத் திருப்பித் தந்தது. எனக்கு வந்தது 199 ரூபாய். கால் கிலோ கறி எடுத்தோம். அரசாங்கம் வைத்த விருந்து!

செப்டம்பர் ஐந்தாம் தேதி மறுபடி தவணை. ஆறாம் தேதி காலை ஏழு மணிக்கே போன். (எட்டு மணிக்கு முன்னாலும் ராத்திரி ஏழுக்குப் பின்னாலும் வசூல்காரர்கள் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி கண்டித்துச் சொன்னது 2022 ஆகஸ்டில். அபராதத்தை வட்டியாக ஏற்றக் கூடாது என்றது 2023 ஆகஸ்டில். நமக்கு எல்லாமே பந்தி முடிந்த பிறகுதான் பாயசம்.) அதற்குள் எனக்குச் சுருளிப்பட்டியில் ஒரு திராட்சை வியாபாரியிடம் எடை எழுதுகிற வேலை கிடைத்திருந்தது. கம்பம் பன்னீர் திராட்சை. 2023ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதுதான். பந்தலுக்குக் கீழே குனிந்தபடி நின்று கூடை கூடையாக எடை குறிக்கணும். நாளுக்கு நானூறு. வாரத்தில் நாலு நாள் வேலை இருக்கும், சில வாரம் மூன்று. கூலி சனிக்கிழமை சாயங்காலம்.

சிக்கலே இங்கேதான். வருமானம் குறைவு என்பதோடு, அது வருகிற கிழமையும் போகிற தேதியும் ஒட்டவில்லை. சனிக்கிழமை 1,600 வரும், செவ்வாய்க்குள் கரையும், ஐந்தாம் தேதி 3,100 மொத்தமாகக் கேட்கும். மாதச் சம்பளக்காரனுக்காகத் தைத்த சட்டை இந்தத் தவணை. தினக்கூலிக்காரனுக்கு எப்படிப் பொருந்தும்? அத்தை வீட்டில் மாதத் தவணைக் கடன் ஒன்றுகூடக் கிடையாது, கவனித்தீர்களா? கடை பற்று வாரத்துக்கு, நகை வருஷத்துக்கு. அவர் வருமானம் எப்படியோ அப்படியே அவர் கடனும்.

அப்போது தங்கம் ஏறிக்கொண்டிருந்தது. 2020 ஆகஸ்டில் பவுன் 43,000ஐத் தாண்டியது. அதே மாதம், நகையின் மதிப்பில் 75 சதவீதம் வரை தந்துகொண்டிருந்த பாங்குகள் 2021 மார்ச் வரைக்கும் 90 சதவீதம் வரை தரலாம் என்று ரிசர்வ் வங்கி தளர்த்தியது. ஐம்பதாயிரத்துக்குப் போன நம் செயின், உள்ளே இருந்தபடியே லட்சத்துக்கு வளர்ந்துவிட்டது! என் கணக்கு இதுதான்: அதே செயின் மேல் இன்னும் 46,000 வாங்கி, பைக் கடனை அபராதம் எல்லாம் சேர்த்து ஒரேயடியாக முடிப்பது. இருபத்தொன்றரை சதவீதக் கடன் போய் ஒன்பது சதவீதக் கடன். முக்கியமாக, மாதத் தவணை போய் வருஷக் கெடு.

சொல்வது சுலபம். கேட்பது?

எங்கள் ஊரில் இதற்கென்றே ஒரு சரித்திரச் சான்று வைத்திருக்கிறார்கள். 1895ல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக், பணம் போதாமல் மனைவியின் நகையையும் சொந்தச் சொத்தையும் விற்றார் என்று பள்ளத்தாக்கில் சின்னப் பிள்ளையும் சொல்லும். அதற்கு ஆதாரம் கிடையாது என்கிறார்கள் ஆராய்ச்சி செய்தவர்கள். ஆதாரம் யாருக்கு வேண்டும்? தை மாதம் அவர் பிறந்தநாளுக்குப் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறோம், லோயர் கேம்ப்பில் மணிமண்டபம் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கில் பெண்டாட்டி நகையைக் கேட்கிற ஒவ்வொரு புருஷனுக்கும் பென்னிகுவிக்தான் துணை. நானும் இழுத்தேன்.

"அவர் அணை கட்டினாரு. நீங்க பைக்குக் கட்டப்போறீங்க," என்றாள். பிறகு, "பைக்கு இரும்பு. தூக்கிட்டுப் போனாப் போகட்டும். செயின் எங்கம்மா போட்டது."

இதில் அவள் சொல்வதும் சரிதான். பைக் கடனைக் கட்டாவிட்டால் பைக் போகும். நகைக் கடனைக் கட்டாவிட்டால் ஏலத்தில் செயின் போகும். ஆபத்தை மலிவான பொருளிலிருந்து விலைமதிப்பான பொருளுக்கு மாற்றுகிறோம். பைக்கை விற்றுவிடலாமா என்றால், சுருளிப்பட்டிக்கு விடியற்காலை பஸ் கிடையாது. பைக் இல்லை என்றால் நானூறும் இல்லை. ரெண்டு நாள் யோசித்தாள். பிறகு ஒரு நிபந்தனை போட்டாள். சனிக்கிழமை கூலி வந்ததும் எழுநூறு ரூபாயை அரிசிக்கு முன்னாலேயே எடுத்து அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை அவளே பாங்குக்குப் போய் நகைக் கடனில் கட்டுவாள். சலானை நோட்டில் ஒட்டுவாள். ஒரு சனிக்கிழமை தவறினால் பைக்கை விற்பது.

ஃபைனான்ஸ்காரரிடம், "கடனையே முடிக்கிறேன், முடிப்புத் தொகையை எழுத்தில் கொடுங்க" என்று கேட்டேன். அதுவரை 'நீ' என்று பேசிக்கொண்டிருந்தவர் 'சார்' என்றார். தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்.சி. புத்தகத்திலிருந்து அவர்கள் பெயரை அடித்த அன்றுதான் பைக் எங்கள் பைக்.

நகைக் கடனில் மாதத் தவணை கேட்க மாட்டார்கள். அது வசதி, அதுவே பள்ளமும். வருஷம் முழுக்கத் தூங்கவிட்டு, கடைசி நாளில் எழுப்புவார்கள். 2021 செப்டம்பரில் எங்கள் கெடு வந்தபோது பவுன் 35,000 பக்கம் இறங்கியிருந்தது. 90 சதவீதச் சலுகையும் முடிந்து மறுபடி 75. மூன்று பவுனுக்குக் கிடைக்கக்கூடியது 78,000 சொச்சம்தான். ஒன்றும் கட்டாமல் விட்டிருந்தால் எங்கள் பாக்கி வட்டியோடு ஒரு லட்சத்து நாலாயிரத்துக்கு மேல். அன்றைக்கு இருபத்தாறாயிரம் கையில் வைத்தால்தான் திருப்பி வைக்க முடியும். பாங்கில் அப்படிக் கையைப் பிசைந்துகொண்டு நின்றவர்களைப் பார்த்தேன். 52 சனிக்கிழமை எழுநூறு எங்கள் பாக்கியை 67,000க்குக் கொண்டுவந்திருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தோம். 2023 ஆகஸ்டில் செயின் வீட்டுக்கு வந்தது. எடை சரியாக இருக்கிறதா என்று அண்ணாச்சி கடைத் தராசில் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். மனைவி சிரிக்கவில்லை.

இந்த நகைக் கடன் விஷயத்தில் ஆறாத வயிற்றெரிச்சல் அத்தைக்குத்தான். கூட்டுறவு சங்கத்தில் வைத்த ரெண்டு பவுனை 2021 ஜனவரியில் சீசன் காசில் நாணயமாகத் திருப்பினார். பிப்ரவரி கடைசியில் ஆறு பவுன் வரை தள்ளுபடி என்று அறிவிப்பு. ஆட்சி மாறி, நவம்பரில் ஐந்து பவுன் வரை என்று அரசாணை. 2021 மார்ச் 31 அன்று பாக்கி வைத்திருந்தவர்களுக்கு. அத்தைக்கு ரெண்டு மாதத்தில் தவறிவிட்டது. குடும்பத்துக்கு மொத்தம் ஐந்து பவுனைத் தாண்டியவர்களுக்கும் கிடையாது. ஐந்தேகால் பவுன் வைத்தவர்கள் அந்தக் கால் பவுனை நினைத்து இன்னும் புலம்புகிறார்கள். "கட்டுனவ கிறுக்கி ஆயிட்டேனேப்பா" என்று அத்தை ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குப் பதில் சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. பி.காமிலும் இல்லை.

மகளின் பள்ளிக்கூடம்தான் வீட்டில் பெரிய சண்டை. 2021 ஜூனில் மெட்ரிக் பள்ளியிலிருந்து எடுத்து அரசுப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு சேர்த்தோம். அம்மா ரெண்டு நாள் சாப்பிடவில்லை. அத்தைதான் வந்து, "அரசாங்கப் பள்ளிக்கூடத்துல படிச்சா டாக்டர் படிப்புக்குத் தனியா எடம் வச்சிருக்காகளாமே" என்று 2020ல் வந்த ஏழரை சதவீத ஒதுக்கீட்டைச் சொல்லித் தேற்றினார். ஏழரை என்றதும் அம்மாவுக்குச் சனி ஞாபகம் வந்துவிட்டது; அது வேறு கதை.

அந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, வழக்கம்போல அண்ணாச்சி கடையில் வாரப் பற்றுக்கு ஐநூறு கட்டினேன். அண்ணாச்சி பணத்தை எண்ணாமலேயே கல்லாவில் போட்டார். எண்ணாமல் அவர் வாங்கி நான் பார்த்ததில்லை.

"தம்பி, நீங்க கணக்குப் படிச்சவருதான? இந்த ஜி.எஸ்.டி.ய மாசாமாசம் தேனிக்குப் போயி ஒருத்தர்ட்டக் குடுத்துட்டு வர்றேன். நீங்க பாத்துக் குடுத்தா என்ன?"

முதல் மாதம் பில்களை ஒரு துவரம்பருப்புச் சாக்கில் கட்டிக் கொடுத்தார். அந்த மாதக் கூலி பழைய பாக்கியில் கழிந்தது. ரெண்டாவது மாதம் கையில் ஆயிரம் ரூபாய் தந்தார். பக்கத்து உரக்கடைக்காரரையும் அனுப்பிவைத்தார். அந்த ஆயிரத்தில் ஒரு நூறு ரூபாய் நோட்டு நடுவில் கிழிந்திருந்தது. அதை அவர் கடையிலேயே மாற்றினேன்.